இடது கைக்கு அண்ணன்

ஜூன் 3

'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' நேற்று நள்ளிரவில் முடித்தேன். 2013இல் வந்த வீடியோ கேம். கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலரில் விரலால் சாய்க்கும் இரண்டு சின்ன ஸ்டிக் இருக்கும். இடது ஸ்டிக் அண்ணனை நடத்தும், வலது ஸ்டிக் தம்பியை. ஆளுக்கு ஒரு பட்டன், அவ்வளவுதான். முதல் அரை மணி நேரம் இருவரும் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் கை பழகிவிட்டது. அம்மா நீரில் மூழ்கி இறந்ததால் தம்பிக்குத் தண்ணீர் என்றாலே பயம். அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நீரைக் கடப்பான்.

இனி முடிவைச் சொல்லப்போகிறேன், விளையாடாதவர்கள் அடுத்த தேதிக்குப் போய்விடுங்கள்.

அண்ணன் இறந்துவிடுகிறான். என் இடது கைக்கு வேலையே இல்லாமல் போனது. தம்பி தனியாக வீடு திரும்பும் வழியில் தண்ணீர் குறுக்கே கிடக்கிறது. அவன் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தேன், இறங்க மறுக்கிறான். ஏதோ தோன்றி அண்ணனின் பட்டனை அழுத்தினேன். தம்பி நீந்தத் தொடங்கினான்.

அவர்கள் பேசுவது யாருக்கும் புரியாத கற்பனை மொழி. அந்த இடத்தில் அதுகூடத் தேவைப்படவில்லை. என் இடது ஆள்காட்டி விரலுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

ஜூன் 4

நாள் முழுக்க வேலை. அந்தத் தண்ணீர் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

ஜூன் 6

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' மறுபடி எடுத்தேன். லூகாஸ் போப் செய்தது, அதுவும் 2013தான். நாம் எல்லைச் சாவடி அதிகாரி. சரியாகப் பார்த்து அனுப்பும் ஒவ்வொருவருக்கும் 5 கிரெடிட் கூலி. அதில்தான் வாடகையும் குடும்பத்தின் சாப்பாடும். ஒருவர் வருகிறார், தாள்கள் சரி. அடுத்து வருவது என் மனைவி, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். அந்த அம்மாவிடம் நுழைவு அனுமதி இல்லை.

ஒரு நாளில் முதல் 2 தவறுகளுக்கு எச்சரிக்கை மட்டும், அதற்கு மேல் அபராதம். முதல் தடவை விளையாடியபோது, இன்றைக்கு எத்தனை தவறு ஆகியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் முத்திரையைத் தொட்டேன். அப்படி எண்ணியது இன்றும் உறுத்துகிறது. இதையே படமாகப் பார்த்திருந்தால் யோசிக்காமல் அந்த அம்மா பக்கம் நின்றிருப்பேன்.

ஜூன் 9

நான் செய்துகொண்டிருக்கும் சின்ன கேமில் நண்பர்கள் இருவர் பிரியும் காட்சிக்கு 3 பக்கம் வசனம் எழுதி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் தூக்கிவிட்டேன். தொடக்கத்திலிருந்தே ஒரு பட்டனை அழுத்தினால் நண்பன் திரும்பிப் பார்ப்பான். சண்டைக்குப் பிறகு அதே பட்டனை அழுத்தினால் பார்க்கமாட்டான், நடந்துகொண்டே இருப்பான்.

தங்கையிடம் கொடுத்தேன். 11 தடவை அழுத்திவிட்டு, "பட்டன் வேலை செய்யலையா?" என்று கேட்டாள்.

சரி, கூப்பிட்டதும் அரை விநாடி நிற்கட்டும். திரும்ப வேண்டாம். நாளைக்கு அதைச் சேர்க்க வேண்டும்.