மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில்

எனக்குத் தைராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரம்மா கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும், அதற்கப்புறம் முக்கால் மணி நேரமாவது காபி பக்கம் போகக்கூடாது. காபி போனால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராதாம். டிகாக்‌ஷன் வாசனைக்கே கண் திறக்கும் ஆளுக்கு அந்த முக்கால் மணி நேரம் எவ்வளவு நீளம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கொஞ்ச நாள் ஃபோனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்படியில் இருந்தால்தானே கை நீளும், வெளியே போய்விடலாம் என்று ஒருநாள் செருப்பை மாட்டினேன். இருபது வருஷத்துக்கு மேல் உடம்பை வளைக்காமல் கிடந்தவள் மறுபடி ஆரம்பித்த கதை இவ்வளவுதான். சபதம், ஜிம் சந்தா, புது ட்ராக் பேண்ட் எதுவும் கிடையாது.

ஒரு காலத்தில் நான் காலேஜ் வாலிபால் டீமில் லிப்டர். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பந்தைப் பின்னால் இருப்பவர்கள் எடுத்துத் தருவார்கள், இரண்டாவது தொடுகை என்னுடையது, அட்டாக்கருக்குத் தோதாக வலை ஓரத்தில் தூக்கிக் கொடுக்க வேண்டும். கல்யாணம், பி.எட்., இரண்டு பிள்ளைகள், மாமியார் படுக்கையில் கிடந்த காலம் என்று அது எப்படி நின்றது என்பதை விளக்கத் தேவையில்லை. பாதிப் பேர் வீட்டில் அதே கதைதான்.

மதுரையில் எங்கள் வீட்டிலிருந்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் நடக்கிற தூரம். சின்ன வயதில் நான் பார்த்த தெப்பக்குளம் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும், உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகையிலிருந்து தண்ணீர் வந்து தளும்புகிறது, நடுவில் மைய மண்டபம் காலை வெளிச்சத்தில் பார்க்க நன்றாக இருக்கிறது. திருமலை நாயக்கர் வெட்டிய குளம், நீளம் சுமார் 1,000 அடி, அகலம் 950 அடி. நான் கணக்கு டீச்சர், கணக்குப் போடாமல் விட மாட்டேன். நாலு பக்கமும் கூட்டினால் 3,900 அடி, அதாவது 1,190 மீட்டர் பக்கம். வெளிப்பாதையில் சுற்றினால் கொஞ்சம் கூடும்.

முதல் நாளே முழுச் சுற்று வர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பக்கம் மட்டும் நடந்து அப்படியே திரும்பினேன். "இவ்வளவுதானாக்கா? வந்ததுக்கு ஒரு ரவுண்டாவது போகலாம்ல?" என்றாள் தெருவில் இருக்கும் ஒரு பெண். அவள் பாட்டுக்கு வேகமாகப் போவாள், நான் என் பாட்டுக்குத் திரும்புவேன். காபிக்குத் தவிக்கும் ஒருத்திக்குக் குறைவாகச் செய்வதில் ஒரு வருத்தமும் இல்லை, அது எனக்கு வசதியாகவே போயிற்று.

எவ்வளவு வேகத்தில் நடப்பது என்பதற்கு ஒரு சுலபமான அளவு இருக்கிறது. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம். எனக்குப் பாட்டு வராது, அதனால் பதினேழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். 'பதினேழு எட்டு நூற்று முப்பத்தாறு' ஒரே மூச்சில் வந்துவிட்டால் வேகம் போதாது. 'பதினேழு எட்டு' என்று நிறுத்தி மூச்சு வாங்கி 'நூற்று முப்பத்தாறு' வந்தால் சரி. 'பதினே' என்றே நின்றுவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். எதிரே வந்த ஒரு பெரியவர், பேத்திக்குப் பரீட்சையா என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் கையில் கட்டியிருக்கும் வாட்ச் தினமும் 10,000 காலடி கேட்கிறது. அந்த எண் டாக்டர்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது அல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடை எண்ணும் கருவி ஒன்றின் பெயரில் இருந்த எண் அது, அப்படியே நிலைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி, கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வேலை. இந்தக் கடைசிப் பகுதியைத் தெப்பக்குளத்தில் யாரும் கண்டுகொள்வதில்லை. நடந்துவிட்டு அருகம்புல் சாறு குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். வேறு சிலர் நேராக டீக்கடைக்குப் போகிறார்கள். என் எடையில் ஒரு மணி நேர நடைக்கு 200, 250 கலோரி செலவாகும். இரண்டு உளுந்த வடை அதை உட்கார்ந்த இடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். எடையைக் குறைக்கத்தான் நடக்கிறேன் என்று நினைத்திருந்தால் நான் எப்போதோ விட்டிருப்பேன்.

தசைக்கு வேலை என்று நான் ஆரம்பித்தது சாப்பாட்டு மேசை நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. செய்யும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையிலும் பெரிதாக ஒன்றுமில்லை. மதியம் இரண்டாவது மாடியில் பத்தாம் வகுப்பு முடித்து இறங்கும்போதுதான் தொடை இரண்டும் அழுதன. ஏறுவதற்கு வலிக்கவில்லை, இறங்கத்தான் முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினேன், பின்னால் நாற்பது பிள்ளைகள் மணி அடித்தும் நகர முடியாமல் நின்றார்கள்.

எங்கள் பள்ளி பி.இ.டி. (உடற்கல்வி) டீச்சரிடம் கேட்டேன். லாக்டிக் அமிலம் தேங்கியதால் என்று எல்லாரும் சொல்வார்கள், அது தப்பு, அது ஒரு மணி நேரம் போலத்தான் நிற்கும் என்றார். பளுவைத் தாங்கிக்கொண்டே தசை நீளும்போது, அதாவது உட்காரும்போதும் படி இறங்கும்போதும், நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. ஒன்றிரண்டு நாளில் வலி உச்சத்துக்குப் போய்த் தானாக அடங்கும். அடுத்த முறை அதே வேலைக்கு இவ்வளவு வலிக்காது. "வலி போனதும் திரும்ப செய்ங்கக்கா, விட்டுட்டீங்கன்னா மறுபடி முதல்லேர்ந்துதான்" என்றார். அப்படியே செய்தேன். அடுத்த முறை பிள்ளைகளைக் காக்க வைக்கவில்லை.

அவர்தான் டல்லாஸ் கதையையும் சொன்னார். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயதுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையை விட்டு இறங்காமல் கிடக்கச் செய்தார்கள். முழு மூச்சாக உழைக்கும்போது உடம்பு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று முன்னும் பின்னும் அளந்தார்கள். கால் பங்குக்கு மேல் சரிந்திருந்தது. முப்பது வருஷம் கழித்து, ஐம்பது வயதில், அதே ஐந்து பேரைக் கூப்பிட்டு மறுபடி அளந்தார்கள். முப்பது வருஷ மூப்பால் குறைந்தது அந்த மூன்று வாரப் படுக்கையில் குறைந்ததைவிடக் குறைவு! பிறகு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று பழக்கியதில் இருபது வயதில் முதலில் அளந்த அளவுக்கே திரும்பிவிட்டார்கள். ஐந்து பேரை வைத்து ஊருக்கெல்லாம் முடிவு சொல்லக்கூடாது என்று புள்ளியியல் பாடத்தில் நானே சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் அந்தக் கணக்கு பிடித்துப்போனதால் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

என் மூச்சும் உண்மையில் சீக்கிரமே தேறியது. ஆரம்ப வாரங்களிலேயே ரத்தத்தில் திரவ அளவு கூடி, இதயம் ஒரு துடிப்பில் கூடுதலாகத் தள்ள ஆரம்பிக்கும் என்கிறார்கள். பதினேழாம் வாய்ப்பாடு பாட்டு மாதிரி வர ஆரம்பித்தபோது முழுச் சுற்றுக்குப் போனேன், அப்புறம் இரண்டு.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் சாயங்காலம் பள்ளி மைதானத்தைக் கடந்து வண்டி எடுக்கப் போனேன். பந்து உருண்டு என் பக்கம் வந்தது. கைப்பையைத் தோளில் தள்ளிவிட்டு, எடுத்து மேலே போட்டு, நெற்றிக்கு மேல் பத்து விரலையும் விரித்து வாங்கித் தூக்கினேன். கட்டைவிரலும் ஆள்காட்டியும் முக்கோணம் மாதிரி, உள்ளங்கை படாமல், சத்தமில்லாமல். பந்து சுழலாமல் போய் வலை ஓரத்தில் நின்ற பெண்ணின் கைக்கு நேராக இறங்கியது. இருபது வருஷம் கழித்து! அந்தப் பிள்ளை, "மிஸ், நீங்களா?" என்றது. பதினோராம் வகுப்பு, முக்கோணவியலில் ரொம்பச் சுமார், ஆனால் அட்டாக் அடித்தால் மண் பறக்கும்.

மறுநாள் ஷூவோடு போனேன். பி.இ.டி. டீச்சர் கோட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினார். கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், நுரையீரல் சில வாரத்தில் வந்துவிடும், தசையும் பழைய பழக்கத்தில் சீக்கிரம் தேறும், ஆனால் குதிகால் தசைநார் அப்படி இல்லை என்றார். எலும்பையும் தசையையும் கட்டியிருக்கும் அந்த நாருக்கு ரத்த ஓட்டம் கம்மி. பளுவுக்குப் பழகி உரமேற மாதக்கணக்கில் ஆகும். லிப்டர் ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை குதிப்பாள், ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உடம்பு எடை பல மடங்காகக் குதிகாலில் விழும். அவருக்குத் தெரிந்த ஒருவர் பல வருஷம் கழித்து ஷட்டில் ஆடப் போய், நல்லா ஆடிக்கொண்டிருக்கும்போதே காலில் பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்ததுபோல் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தாராம். யாரும் இல்லை. தசைநார் அறுந்திருந்தது. ஆபரேஷன், கட்டு, பிசியோதெரபி என்று முக்கால் வருஷம் போயிற்று.

ஆகவே எனக்கு விதித்தது இது. கொல்லைப்புறப் படி விளிம்பில் முன்பாதம் மட்டும் ஊன்றி, குதிகாலைத் தூக்கி, மூன்று எண்ணும் நேரம் நிதானமாக இறக்குவது. முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில். சாப்பாட்டுக் குக்கர் வைத்துவிட்டு, மூன்றாவது விசில் வரை செய்வேன். ஒருநாள் விட்டு ஒருநாள். சுவாரசியமே இல்லாத வேலை, யாரும் பார்த்துப் பாராட்டப் போவதும் இல்லை. இடது கால் தேறிவிட்டது. வலது கால் இன்னும் பாதியிலேயே நடுங்குகிறது. அதுவும் இடதுக்குச் சமமாக வரும் வரை குதிக்கக் கூடாது, சர்வீஸ் போடலாம், பாஸிங் எடுக்கலாம், தரையில் நின்றபடி தூக்கிக் கொடுக்கலாம் என்பது உத்தரவு. கூடவே பி.பி.யும் சர்க்கரையும் பார்த்துவிட்டு வரச் சொன்னார், பார்த்தேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் டீச்சர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு ஆட்டம் வைப்பதாக முடிவாகியிருக்கிறது. லிப்டர் நான்தான். ஆனால் குதிக்க மாட்டேன், வலைக்கு மேல் குதித்துப் பந்தைத் தடுக்கும் பிளாக்குக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பெண்கள் வலை உயரம் 2.24 மீட்டர், ஸ்டாஃப் ரூமில் அதற்குத் தோதான உயரம் தமிழ் டீச்சர் ஒருவருக்குத்தான். சேலையில் எப்படிக் குதிப்பது என்று அவர் தயங்குகிறார். என் மகளுடைய ட்ராக் பேண்ட் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன், நீளம் பத்தவில்லை. இந்த வாரம் விளக்குத்தூண் துணிக்கடைகள் பக்கம் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.