ஏழாம் கவுண்டர்

செப்டம்பர் 22, 2025
காலை ஒன்பதரையிலிருந்து இரவு பத்து வரை ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில் நின்றேன். விற்றதெல்லாம் பில் மெஷினுக்குத் தெரியும். கேட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்கிப் போனவர்கள் கணக்கு யாரிடம் இருக்கிறது? ஏழாம் கவுண்டர் அக்காவிடம் இருக்கிறது. "பை வெச்ச உள்பாவாடை கேட்டு தெனம் நாலு பேராவது வாராவ தம்பி. பஸ்ல போற பொம்பளைங்க, காசு வைக்க இடம் வேணும்லா." எத்தனை நாளாக? "நான் சேர்ந்த நாள்லருந்து."

செப்டம்பர் 24
இப்படிக் கேட்டும் கிடைக்காததைக் கவுண்டர் ஆட்கள் பதிவு செய்ய, இரண்டு மாதம் உட்கார்ந்து செல்போன் ஆப் செய்திருக்கிறோம். இங்கே வேலைக்கு ஏறும்போதே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுகிறார்கள்.

செப்டம்பர் 25
அம்மா காலில் கட்டு மாற்றினேன். புண் ஆறவில்லை.

செப்டம்பர் 28
ஜெராக்ஸ் கம்பெனி பற்றி ராத்திரி முழுக்கப் படித்தேன். 1980களில் ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர் அங்கே மெஷின் ரிப்பேர்காரர்களோடு சுற்றியிருக்கிறார். கையேட்டில் இல்லாத பழுதை அவர்கள் ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லித்தான் தீர்த்தார்கள். 1990களில் அந்தக் குறிப்புகளைச் சேர்த்து எல்லோருக்கும் தர யுரேகா என ஓர் ஏற்பாடு, பிரான்ஸில் தொடங்கியது. குறிப்பு தருகிறவர்கள் காசு கேட்கவில்லை, குறிப்போடு தங்கள் பெயர் இருக்க வேண்டும் என்றார்கள்.

இங்கே பெயர் என்றாலே பயம். "சரக்கு இல்லன்னு சொன்னா, ஒனக்கு விக்கத் தெரியலன்னு ஏசுவாவ" என்றார் அக்கா. பெயர் வேண்டும், பயம் கூடாது. எப்படி?

அக்டோபர் 2
விஜயதசமி. இன்று தொடங்கியே ஆக வேண்டும் என்று தொடங்கினேன். டைப் அடிக்கும் வேலையே இல்லை. சுவரில் ஒரு பச்சைப் பொத்தான், அழுத்திக்கொண்டு யார் என்ன கேட்டார்கள் என்று பேசினால் போதும், பதிவாகிவிடும். எங்கே மாட்டுவது? ஸ்டூலுக்குப் பக்கத்தில். 2021இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்காரும் உரிமைக்குச் சட்டத் திருத்தம் வந்தது. ஸ்டூலும் வந்தது. இந்த மாடியில் யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. பேசுவதற்காகவாவது உட்காரட்டும். அம்மா இருபது வருஷம் இப்படித்தான் நின்றாள்.

அக்டோபர் 6
31 பேச்சு! ஒவ்வொன்றின் பின்னாலும் சேலை உதறும் சத்தம்.

அக்டோபர் 8
ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை என்று முதலாளி கணக்கு கேட்கிறார். "இதையும் டார்கெட் ஆக்கினால் வாய்க்கு வந்ததைப் பேசி எண்ணிக்கையை நிரப்புவார்கள் அண்ணாச்சி" என்றேன். பார்க்கலாம் என்றார்.

அக்டோபர் 9
தூக்கமில்லை.

அக்டோபர் 12
4 பேச்சு. பொத்தான் கெட்டுவிட்டதோ என்று கழற்றிக்கூடப் பார்த்தேன். அக்காதான் சொன்னார்: "சொன்னேன் தம்பி. என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் சொல்லலியே." பேச வழி செய்தோம், பதில் வர வழி செய்யவில்லை. கொள்முதல் ஆட்கள் ஒரு பேச்சைக் காதில் வாங்குகிறார்கள், அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள். ராத்திரியே மாற்றினேன். முடியாது என்றாலும் காரணத்தோடு பதில் பதிய வேண்டும், அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு அடுத்த பேச்சு திறக்கும். பதில் காலைக் கூட்டத்தில் வாசிக்கப்படும். பெயரோடு வாசிக்கலாமா என்பதைச் சொன்னவரே முடிவு செய்யட்டும்.

அக்டோபர் 16
ஈரோட்டிலிருந்து பை வெச்ச உள்பாவாடை வந்துவிட்டது. கூட்டத்தில் அக்கா பெயரைச் சொன்னார்கள். அவரே சொல்லச் சொன்னாராம். நிமிரவே இல்லை. பிறகு கட்டைப் பிரித்து, பைக்குள் கை விட்டுப் பார்த்தார். "ஆழம் பத்தாது. உக்காந்தா சில்லறை கொட்டிரும்." பொத்தானைப் பார்த்து நடந்தார்.

அக்டோபர் 17
தீபாவளிக் கூட்டம். இடம் வேண்டும் என்று ஸ்டூலை எடுத்துவிட்டார்கள். நாளை அம்மாவுக்கு ஸ்கேன், பதினொரு மணி. அதற்கு முன்னால் அண்ணாச்சியைப் பிடிக்க வேண்டும்.