மாமனாரும் சேப்பல் ஹில்லும்: 2022 கூடைப்பந்து சீசன்ல நாங்க சுத்தின கதை

ரொம்ப நாளா ட்ராஃப்ட்லயே கிடந்த பதிவு இது. 2022ல நடந்தது. பயணக் கட்டுரைன்னு சொல்லிக்கறதுக்கே கொஞ்சம் கூச்சமா இருக்கு, ஏன்னா போனது என்னவோ வீட்டுலேர்ந்து இருபது மைல்தான். ஆனா நயாகரா போனப்ப கூட இவ்ளோ அலைஞ்சதில்ல.

அப்ப நாங்க நார்த் கரோலினால மாரிஸ்வில்ல இருந்தோம். பக்கத்துல கேரி, அங்க பெருமாள் கோவில், தெருவுக்கு ரெண்டு தமிழ் குடும்பம், வாரக்கடைசில கிரிக்கெட், அந்த மாதிரி ஏரியா. வீட்டம்மாவுக்கு ஜனவரில டெலிவரி. 2021 நவம்பர்ல அமெரிக்கா கதவைத் திறந்து விட்டதும் மாமியாரும் மாமனாரும் டிசம்பர்ல வந்து இறங்கிட்டாங்க. மாமியாருக்கு பத்திய சமையல், குழந்தை குளிப்பாட்டறதுன்னு கை நிறைய வேலை. மாமாவுக்கு ஒண்ணுமே இல்ல. வெளில குளிர், வாக்கிங்கும் கிடையாது, டிவில எல்லா சீரியலும் பாத்து முடிச்சுட்டு ஜன்னல் வழியா அணிலைப் பாத்துட்டு உக்காந்திருப்பார். எனக்கே பாவமா போச்சு.

மாமாவுக்கு ஊர் பெரியகுளம். கூடைப்பந்து தெரிஞ்சவங்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். தெரியாதவங்களுக்கு: கோடை லீவுல அங்க அகில இந்திய அளவுல கூடைப்பந்து போட்டி நடக்கும், கடற்படை, இந்தியன் பேங்க் மாதிரி பெரிய டீம் எல்லாம் வரும், ஊரே கேலரில உக்காந்து லைட் வெளிச்சத்துல மேட்ச் பாக்கும். மாமா ரிட்டயர்டு பி.டி. வாத்தியார் வேற. இதெல்லாம் தெரிஞ்சும் ரெண்டு மாசமா எனக்கு தோணவே இல்ல பாருங்க. ஆபீஸ்ல ஒருத்தன் "புதன்கிழமை பிட்ஸ்பர்க் மேட்ச், டிக்கெட் சல்லிசா கிடைக்குது"ன்னு சொன்னப்பதான் பொறி தட்டுச்சு.

பிப்ரவரி 16. மேட்ச் சேப்பல் ஹில்ல, அங்க இருக்கற நார்த் கரோலினா யுனிவர்சிட்டியோட டீமுக்குப் பேரு டார் ஹீல்ஸ். ஐ-40ல ஏறி 54ல இறங்கினா அரை மணி நேரம். ஸ்டேடியம் பக்கத்துல பார்க்கிங் எல்லாம் பணம் கொடுத்த பெரிய மனுஷங்களுக்கு, நம்மள மாதிரி ஆளுங்க ஃப்ரைடே சென்டர்ல காரை விட்டுட்டு 'டார் ஹீல் எக்ஸ்பிரஸ்' பஸ்ல போகணும். முன்னாடி நின்ன கார்ல ஒரு ஸ்டிக்கர், கடவுள் டார் ஹீல் கட்சி இல்லன்னா வானம் ஏன் கரோலினா நீலத்துல, அதாவது இந்த டீமோட வெளிர் நீலத்துல, இருக்குன்னு. மொழிபெயர்த்து சொன்னேன். மாமா மேல பாத்தார், நல்லா இருட்டிருச்சு. "அப்ப ராத்திரி வானம் யாரு கட்சி மாப்ள?"ன்னார். இவங்களோட பரம எதிரி, பத்து மைல் தள்ளி டர்ஹம்ல இருக்கற டியூக் யுனிவர்சிட்டியோட கலர் கருநீலம்னு சொன்னதும் அப்படி ஒரு சிரிப்பு. அந்த ஒரு ஜோக்லயே பகை என்னன்னு மனுஷன் பிடிச்சுட்டார்.

டார் ஹீல்னா தார் ஒட்டின குதிகால். இந்த மாநிலத்து பைன் காட்டுல ஒரு காலத்துல தார் காய்ச்சி கப்பலுக்கு அனுப்புவாங்க, அந்த வேலையாளுங்களுக்கு வச்ச கேலிப் பேரையே பெருமையா எடுத்துக்கிட்டாங்க.

உள்ள போனா டீன் ஸ்மித் சென்டர், இருபத்தோராயிரத்துக்கு மேல சீட்டு. கூரை முழுக்க வெளிர் நீல ஜெர்சியும் பேனரும். மைக்கேல் ஜோர்டன் விளையாடின காலேஜ் இதுதான் மாமான்னு சொன்னேன், கைய நெஞ்சுல வச்சுக்கிட்டார். நாங்க உக்காந்தது மேல, ரொம்ப மேல, பழனி படி ஏறின மாதிரி. எல்லாரும் மாஸ்க், பாதி பேருக்கு தாடைலதான்.

அந்த வருஷக் கதையை இங்க சொல்லணும். ராய் வில்லியம்ஸ்னு பழைய கோச், 18 வருஷம் இருந்து மூணு தடவை தேசிய சாம்பியன் ஆக்கினவர், 2021 ஏப்ரல் 1ம் தேதி ரிட்டயர் ஆனார். முட்டாள் தினத்துல சொன்னதால பாதி பேர் நம்பல. அடுத்த சில நாள்லயே அவரோட உதவியாளர் ஹூபர்ட் டேவிஸைப் போட்டாங்க. இதே காலேஜ்ல, அந்த அரங்கத்துக்கே பேர் கொடுத்த கோச் டீன் ஸ்மித் கிட்ட ஆடினவர், அப்புறம் அமெரிக்காவோட தொழில்முறை லீக் என்.பி.ஏ.ல பல வருஷம், தூரத்துலேர்ந்து எறியற த்ரீ பாயிண்டர்ல 44 சதவீதம் போட்ட ஆளு, அப்புறம் டிவில பேசினவர். இந்த காலேஜ் ஆண்கள் அணிக்கு முதல் கறுப்பின தலைமை கோச். ஆனா ஜூனியர் டீமைத் தவிர எங்கயும் தலைமை கோச்சா இருந்ததே இல்ல. அதனால சீசன் பூரா ஆபீஸ்ல இதே புலம்பல்தான். நவம்பர்ல பர்டியூ கிட்டயும் டென்னஸி கிட்டயும் அடுத்தடுத்து தோல்வி, டிசம்பர்ல கென்டக்கி 98-69னு கிழிச்சுது, ஜனவரில மயாமி 85-57, அதுக்கு நாலே நாள்ல வேக் ஃபாரஸ்ட் 98-76, பிப்ரவரி 5 சொந்த மண்ணுலயே டியூக் 87-67. தோத்தா பரவால்ல, இப்படி இருபது முப்பதுல தோத்தா யாருக்கும் தாங்காது இல்லையா. நானும் கேண்டீன்ல நின்னு "புது கோச் சரிப்பட்டு வரமாட்டார்"னு பெரிய இவன் மாதிரி பேசிட்டுதான் இருந்தேன்.

பிட்ஸ்பர்க் அந்த வருஷம் சோப்ளாங்கி டீம், சீசன் முடிவுல 11 வெற்றி 21 தோல்வி. அவங்க கிட்ட போய் இவங்க முதல் பாதிலயே நல்லா பின்தங்கிட்டாங்க. அரங்கமே மயான அமைதி. ரெண்டாம் பாதி முடிய அஞ்சு நிமிஷம் இருக்கறப்பவே ஜனம் கிளம்ப ஆரம்பிச்சுது, நானும் பஸ்ல கூட்டம் சேந்துருமேன்னு ஜாக்கெட்டை எடுத்து மாட்டிட்டேன்.

"உக்காருங்க மாப்ள. ஆட்டம் முடியாம எந்திரிக்கிறது ஆடுறவனுக்கு மரியாதை இல்ல."

உக்காந்தேன். 76-67 தோல்வி. காலியான கேலரில நாங்களும் இன்னும் கொஞ்ச பேரும்.

பஸ்ல வர்றப்ப மாமா பேசிட்டே வந்தார். ரெண்டு மாசத்துல அவ்ளோ பேசி நான் பாத்ததே இல்ல. "நாங்கல்லாம் போஸ்ட்டுக்கு அடியில ரெண்டு நெட்டையனை நிறுத்துவோம். இந்த கோச் ஒருத்தனை மட்டும் உள்ள விட்டுட்டு மத்த நாலு பேரையும் வெளிய நிறுத்துறார். அந்த தாடிக்காரன் அவ்ளோ உயரம், அவனையும் வெளிய நிக்க வச்சு எறிய விடுறார். புது பாடம் மாப்ள, பசங்களுக்கு மனசுல ஏறிருச்சு, கால்ல இன்னும் ஏறல." எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா பழைய கோச் ரெண்டு பெரிய ஆளை உள்ள வச்சு ஆடறதுக்குத்தான் பேர் போனவர், ஹூபர்ட் வந்து மாத்தினதே அதைத்தான். தாடிக்காரன் பிரேடி மானெக், ஓக்லஹோமாலேர்ந்து கடைசி வருஷத்துக்கு மட்டும் ட்ரான்ஸ்பர்ல வந்தவன். ஜனவரில டாசன் கார்சியா குடும்பக் காரணமா டீமை விட்டுப் போனதும்தான் இவன் முழுசா உள்ள வந்தான். "பெஞ்ச்ல ஆளே இல்லையே, அஞ்சு பேரையே ஓட விடுறாரே"ன்னும் கவலைப்பட்டார். அந்த அஞ்சு பேருக்குத்தான் அப்புறம் 'இரும்பு அஞ்சு'ன்னு பேரு வந்துச்சு: ஆர்.ஜே. டேவிஸ், கேலப் லவ், லீக்கி பிளாக், மானெக், நடுவுல அர்மாண்டோ பேகாட்.

அதுலேர்ந்து வீட்ல மேட்ச் நாள்னா குழந்தையை மடில வச்சுக்கிட்டு மாமா டிவி முன்னாடி. வரிசையா நாலு வெற்றி. மார்ச் 5 டர்ஹம்ல டியூக் கூட மேட்ச். டியூக் கோச் ஷஷெஃப்ஸ்கி, 42 வருஷம் அங்கயே இருந்தவர், அவருக்கு சொந்த மண்ணுல கடைசி ஆட்டம். கேமரன் அரங்கத்துல மொத்தமே ஒன்பதாயிரத்துச் சொச்சம் சீட்டு, வெளில டிக்கெட் ஆயிரக்கணக்கான டாலர். டிக்கெட் வேணாம், சும்மா வாசலைப் பாத்துட்டு வருவோம்னு மத்தியானமே கிளம்பிட்டோம்.

கல்லுல கட்டின பெரிய சர்ச், மரம், அதைத் தாண்டினா புல்தரை முழுக்க டென்ட். டிக்கெட்டுக்காக பசங்க வாரக்கணக்கா குளிர்ல டென்ட் போட்டு தங்குவாங்க, கோச் பேர்ல அதுக்கு ஷஷெஃப்ஸ்கிவில்னே பேர். உள்ள யாராவது எப்பவும் இருக்கணும், ராத்திரில திடீர்னு செக்கிங் வரும். மாமா ஒவ்வொரு டென்ட்டா எட்டிப் பாத்துட்டு "படிக்கிற பசங்களா இதெல்லாம்?"னு கேட்டார். மூஞ்சில நீல பெயின்ட் அடிச்ச ஒரு பையன் மாமாவைப் பாத்து கைய நீட்டி குலுக்கினான். யார் கட்சின்னு நல்லவேளை கேக்கல.

ஆட்டத்துக்கு வீட்டுக்கு வந்துட்டோம். டியூக்கோட 96 முன்னாள் வீரருங்க வந்து உக்காந்திருக்காங்க, விழாவுக்கு எல்லாம் ரெடி, இவங்க போய் 94-81னு ஜெயிச்சுட்டாங்க. பேகாட் 23, லவ் 22, டேவிஸ் 21, மானெக் 20. கல்யாண வீட்ல புகுந்து பந்தலைப் பிரிச்ச மாதிரி. கோச் மைக்கைப் பிடிச்சு இன்னைக்கு ஆடினது ஏத்துக்க முடியாததுன்னு அவங்க ஜனத்து கிட்டயே சொன்னார். மாமாவுக்கு அது பிடிக்கல, பெரிய மனுஷனுக்கு இப்படி ஒரு நாளான்னு வருத்தப்பட்டார்.

அப்புறம் மார்ச் மாத தேசிய டோர்னமென்ட். இவங்களை 16 டீம் இருக்கற ஒரு பிரிவுல எட்டாவது ரேங்க்ல வச்சிருந்தாங்க, பெருசா யாரும் எதிர்பாக்கல. மார்க்கெட்டை 95-63. அடுத்தது போன வருஷ சாம்பியன் பேலர், இவங்க 25 பாயிண்ட் முன்னாடி இருக்கறப்ப மானெக்கை முழங்கை பட்டுச்சுன்னு வெளிய அனுப்பிட்டாங்க, மாமா கத்தின கத்துல குழந்தை முழிச்சு, அவங்க அம்மா முழிச்சு, எனக்கு திட்டு விழுந்துச்சு. 25 பாயிண்ட்டும் கரைஞ்சு ஓவர்டைம் போய் 93-86னு தப்பிச்சாங்க. யு.சி.எல்.ஏ. கூட லவ் 30 போட்டான். செயின்ட் பீட்டர்ஸ்னு ஒரு சின்ன காலேஜ் எல்லாரையும் கவுத்துட்டு வந்துச்சு, அவங்களை 69-49. சீசன் ஆரம்பத்துலயே ஹூபர்ட் ஒவ்வொரு பையன் லாக்கர்லயும் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் போட்டோவை ஒட்டி வச்சாராம், கடைசி ஆட்டம் நடக்கற இடம்னு. ஜனவரில அதைப் படிச்சிருந்தா நான் சிரிச்சிருப்பேன்.

ஏப்ரல் 2, அதே சூப்பர்டோம், எதிர்ல மறுபடியும் டியூக். இந்த டோர்னமென்ட் வரலாற்றுலயே ரெண்டு பேரும் மோதினது அதுதான் முதல் தடவை. பேகாட் கணுக்கால் மடங்கி வெளிய போய் திரும்ப வந்தான், மொத்தம் 21 ரீபவுண்ட், அதாவது கூடைல விழாம திரும்பற பந்தைப் பிடிக்கறது. அரை நிமிஷம்கூட இல்லாதப்ப லவ் ஒரு த்ரீ போட்டான் பாருங்க, மாமா சத்தம் போடாம வாயைப் பொத்திக்கிட்டு சோபாலேர்ந்து எந்திரிச்சு நின்னுட்டார். 81-77. அந்த பெரிய கோச்சோட கடைசி ஆட்டம் அதுவாவே ஆயிடுச்சு.

மணி பதினொண்ணே கால் இருக்கும். "அந்த ஊருக்குப் போவோமா?"ன்னார். மாமியார் "இந்நேரத்துலயா?"ன்னாங்க. கிளம்பிட்டோம்.

சேப்பல் ஹில்லோட முக்கியத் தெரு ஃப்ராங்க்ளின் ஸ்ட்ரீட், அதுக்கு ஒரு மைல் முன்னாடியே ரோடை அடைச்சுட்டாங்க. ஏதோ ஒரு தெருவுல காரைப் போட்டுட்டு ஜனத்தோட நடந்தோம். ஆயிரக்கணக்குல, நடு ரோட்ல, எல்லாம் வெளிர் நீலம். சிக்னல் கம்பத்து மேல பசங்க. நடுவுல தீ மூட்டி ஒவ்வொருத்தனா ஓடி வந்து தாண்டறான். மதுரைல எதிர்சேவை அன்னைக்கு ராத்திரி ரோடு எப்படி இருக்கும், அந்த நெரிசல், ஆனா யாரும் யாரையும் இடிக்கல. எழுபது வயசு மனுஷன் குரங்குக் குல்லா போட்டுக்கிட்டு நடுவுல நிக்கறார், வர்றவன் போறவன் எல்லாம் ஹை ஃபைவ் கொடுக்கறான், முதல்ல கும்பிட்டுட்டு இருந்தவர் அஞ்சாவது ஆளுலேர்ந்து உள்ளங்கையைக் காட்ட கத்துக்கிட்டார். வீடு வந்து சேர மணி ரெண்டரை.

திங்கட்கிழமை ஃபைனல், கேன்சஸ் கூட. இதை வீட்ல உக்காந்து பாக்கக் கூடாதுன்னு மாமாவே சொல்லிட்டார். சேப்பல் ஹில்ல ஒரு ஹோட்டல்ல மூலைல இடம் கிடைச்சுது. இந்த ஊர்ல பன்னிக்கறி பார்பிக்யூதான் பிரசித்தம், மாமா தொடமாட்டார். ஹஷ் பப்பின்னு மக்காச்சோள மாவுல ஒரு உருண்டை பொரிப்பாங்க, அதை ரெண்டு தட்டு சாப்ட்டு "சட்னி இருந்தா பணியாரம்தான்"ன்னார். முதல் பாதி 40-25. கடை அதிருது. முன்பின் தெரியாத ஒருத்தர் எங்களுக்கு ஸ்வீட் டீ வாங்கித் தந்தார், நம்ம ஊர் டீக்கே சக்கரை பத்தாதுங்கற ஆளு மாமா, அவரே ஒரு வாய் குடிச்சுட்டு தள்ளி வச்சுட்டார்.

ரெண்டாம் பாதில அந்த அஞ்சு பேருக்கும் கால் வரல. மாமா ஸ்கோரையே பாக்கல, பசங்க காலையேதான் பாத்துட்டு இருந்தார். "மூச்சு வாங்குது பாருங்க, குனிஞ்சு முட்டியைப் பிடிக்கிறான்." பஃப் ஜான்சன்னு பெஞ்ச்லேர்ந்து வந்து பிரமாதமா ஆடின பையன் கோர்ட்லயே வாந்தி எடுத்தான். லவ் 24 எறிஞ்சதுல 5தான் விழுந்துச்சு. கடைசி நிமிஷத்துல பேகாட் பந்தை எடுத்துட்டு திரும்பறான், அதே கணுக்கால், கீழ விழுந்துட்டான், ஒத்தைக் கால்ல நொண்டிட்டே ஓடி வர்றான். கடைல யாரும் பேசல. 72-69, கேன்சஸ் ஜெயிச்சுடுச்சு. இதுக்கு முன்னாடி எந்த ஃபைனல்லயும் யாரும் 16 பாயிண்ட் பின்னாடிலேர்ந்து வந்து ஜெயிச்சதில்லயாம்.

பில்லைக் கொடுத்துட்டு நான் எந்திரிச்சேன். மாமா உக்காந்தே இருந்தார், டிவில ஹூபர்ட் ஒவ்வொரு பையனையா கட்டிப் பிடிச்சு காதுல ஏதோ சொல்றது முடியற வரைக்கும். இந்த தடவை நான் ஜாக்கெட்டை மாட்டாம திரும்ப உக்காந்துட்டேன்.

கார்ல ஒரு வார்த்தை பேசல. 54ல சிக்னல்ல நின்னப்ப மட்டும் "தார் மாதிரி ஏதாவது தரைல ஒட்டியிருந்தா கால் வழுக்கியிருக்காது"ன்னார், ஜோக்கா நிஜமான்னு எனக்கு தெரியல.

கதவைத் திறந்த வீட்டம்மா தோள்ல குழந்தை, கிசுகிசுன்னு கேட்டா, "என்னப்பா, ஜெயிச்சாங்களா?"

மாமா குனிஞ்சு ஷூ லேஸை அவுத்துக்கிட்டே, "மொத பாதி ஜெயிச்சோம்மா"ன்னார்.