பெங்களூரு ஆங்கிலப் பயிற்சி: பணிவிடுவிப்பு ஆணை வாங்குவதற்குள்

தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தின் 30 நாள் பயிற்சிக்கான பட்டியலில் என் பெயர் வந்த மகிழ்ச்சி, பள்ளியிலிருந்து விடுவிக்கும் ஆணைக்காகக் கல்வி அலுவலகப் படியேறும் வரைதான் இருந்தது. பெயர் சரி, பதவி சரி, பள்ளி சரி. முன்னெழுத்து மட்டும் தவறு. 'ஆர்' இருக்கவேண்டிய இடத்தில் 'கே' என்று அச்சாகியிருந்தது. பிரிவு எழுத்தர் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "இது நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? சென்னையில் திருத்தி வாங்கி வாருங்கள்" என்றார். பயிற்சி தொடங்க ஒரு வாரம்கூட இல்லை.

அவிநாசிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர். எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பயிற்சி லேசில் கிடைப்பதில்லை. 1963 முதல் தென்மாநிலங்களின் ஆங்கில ஆசிரியர்களுக்காகவே இயங்கிவரும் நிறுவனம் அது. அதற்கு என்னைத் தேர்ந்தெடுத்ததும் அரசுதான். ஆனால் அந்த அலுவலகத்தில் நான் ஒரு மாதம் பள்ளிக்கு மட்டம் போட வழி தேடுவதுபோலத்தான் பேசினார்கள். அந்தப் பேச்சு இன்னும் ஆறவில்லை.

வழி கண்டுபிடித்தவர் எங்கள் தலைமையாசிரியை. பட்டியலின் ஓரத்தில் பொடி எழுத்தில் எமிஸ் எண், அதாவது கல்வித்துறையின் கணினிப் பதிவில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனியாக உள்ள எண், இருந்ததைக் காட்டினார். முன்னெழுத்து மாறலாம், ஆசிரியருக்கு ஆசிரியர் அந்த எண் மாறாமல் இருக்குமா? "மேற்படி எமிஸ் எண்ணுக்குரியவர் இப்பள்ளியில் பணிபுரியும் இவரே" என்று கடிதம் எழுதி, பள்ளி முத்திரை வைத்து, என் பணிப்பதிவேட்டின் முதல் பக்க நகலையும் இணைத்துக் கொடுத்தார். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் சென்னைக்கு ஓடாதீர்கள். முதலில் எமிஸ் எண்ணைப் பாருங்கள்.

கடிதத்தோடு போனால், கண்காணிப்பாளர் விடுப்பில். அடுத்தமுறை போனபோது, அந்தக் கடிதமே வரவில்லை என்றார்கள். நல்லவேளையாகத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை வாங்கி வைத்திருந்தேன். அதை மேசைமேல் வைத்த பிறகுதான் கோப்புக்கட்டு அவிழ்ந்தது. கடிதம் அதற்குள்ளேதான் இருந்தது. யாராவது "என்னிடம் கொடுங்கள், சேர்த்துவிடுகிறேன்" என்றால் கொடுக்காதீர்கள். ந.க. எண், அதாவது அலுவலகப் பதிவு எண், விழாத காகிதத்துக்கு அங்கே உயிர் இல்லை.

ஆணை கைக்கு வந்தபோது வெள்ளிக்கிழமை மாலை. திங்கள் காலை பெங்களூரு ஞானபாரதி வளாகத்தில் இருக்க வேண்டும். ஐலண்ட் எக்ஸ்பிரஸில் முன்பதிவு கிடைக்கவில்லை. திருப்பூரில் பொதுப்பெட்டியில் ஏறி, கொண்டுபோன துணிப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்து போனேன்.

பயிற்சியைப் பற்றிக் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை. விடுதி, வகுப்பு எல்லாம் ஒழுங்கு. எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்றுதான்: பாடநூலுக்கு வெளியே, பிள்ளைகளின் வீட்டில் என்ன ஆங்கிலம் கிடக்கிறது என்று தேடச் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளின் வீட்டில் கிடப்பது பனியன் கம்பெனி ஆங்கிலம். ஏற்றுமதிச் சட்டையின் உள்தையலில் வரும் துவைப்புக் குறிப்பு லேபிளை வைத்தே மாதிரி வகுப்பு எடுத்தேன்.

திரும்பி வந்து அதையே ஏழாம் வகுப்பில் செய்தேன். செக்கிங் வேலைக்குப் போகும் ஓர் அம்மா, கழித்துப் போட்ட லேபிள்களை ஒரு கவர் நிறையக் கொடுத்தனுப்பினார். பாதிப் பிள்ளைகளிடம் குறிகள், மீதிப் பேரிடம் வாக்கியங்கள். முக்கோணத்தின்மேல் பெருக்கல் குறி வைத்திருப்பவர் 'டூ நாட் பிளீச்' வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டும். தொட்டிக்குள் கை இருந்தால் 'ஹேண்ட் வாஷ்'. தாளைக் காட்டக் கூடாது, கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஏவல் வாக்கியத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப் போட்டிருக்கிறேன், ஒருவரும் வாய் திறந்ததில்லை. அன்று கடைசி வரிசைப் பையன், சட்டைக் காலரைத் திருப்பித் தன் லேபிளையே உரக்கப் படித்தான். பிறகு பக்கத்தில் இருந்தவனிடம், "டூ நாட் டச் மை பேக்" என்றான். அந்த வாக்கியத்தை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லேபிளை வெறும் தாளில் ஒட்டினால் ஒரு வாரத்தில் கிழிந்துவிடும். பனியன் பெட்டி அட்டையை வெட்டி ஒட்டுங்கள், வருடம் முழுக்க வரும்.

இனிப் போகிறவர்களுக்கு ஒன்று. சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்று வருகைச் சான்றும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பயிற்சிக் காலத்தைப் பணிக்காலமாக ஏற்க அதைத்தான் என்னிடம் கேட்டார்கள். அதில் உங்கள் முன்னெழுத்தை அங்கேயே நின்று சரிபாருங்கள். எனக்கு அதிலும் 'கே' என்றே அடித்திருந்தார்கள். சொன்னதும் அந்த இடத்திலேயே திருத்திக் கொடுத்துவிட்டார்கள். பணிப்பதிவேட்டில் பயிற்சி விவரம் போன வாரம் ஏறிவிட்டது. கையொப்பம் விழுந்த பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டேன்.