மத்தி மீன் தட்டு எங்கே இருக்கிறது?

நாவல் படிக்கிற வேகத்தில் நகைச்சுவை நாடகத்தைப் படித்தால் சிரிப்பு வராது. வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் கண், மேடைக் குறிப்புகளைத் தாண்டிவிடும். ஆங்கில நாடக ஆசிரியர் மைக்கேல் ஃப்ரெய்னின் ‘நாய்ஸஸ் ஆஃப்’ (1982) நாடகத்தில் பாதிச் சிரிப்பு அந்தக் குறிப்புகளில்தான்.

1970-ல் தன்னுடைய நாடகம் ஒன்றை மேடையோரத்து மறைவிலிருந்து (சைடு விங்) பார்த்தபோது, முன்னால் நடப்பதைவிடப் பின்னால் நடப்பது வேடிக்கையாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அங்கிருந்து பிறந்ததுதான் இது. சுமாரான ஒரு குழு ‘நத்திங் ஆன்’ என்ற நாடகத்தை ஊர் ஊராகப் போடுகிறது. ஃப்ரெய்ன் நாடகத்தின் மூன்று அங்கங்களிலும் இந்த ‘நத்திங் ஆன்’ நாடகத்தின் முதல் அங்கமே திரும்பத் திரும்ப வரும்: ஒத்திகையாக, பிறகு மேடைக்குப் பின்னாலிருந்து, கடைசியில் எல்லாம் குட்டிச்சுவரான பின் மறுபடி முன்னாலிருந்து.

பென்சிலும் தாளும் வேண்டும். செட்டின் கதவுகளையும் ஜன்னலையும் மாடிப்படியையும் வரைந்துகொள்ளுங்கள். இடது, வலது என்பது பார்வையாளர்களைப் பார்த்து நிற்கும் நடிகரின் இடது, வலது. இதை மாற்றி வரைந்தவர்கள், இரண்டாம் அங்கத்தில் செட் அப்படியே திரும்பியதும் தொலைந்தார்கள். கூடவே ஒரு பெயர்ப் பட்டியல். ஒன்பது பேரில் ஆறு பேருக்குச் சொந்தப் பெயர் ஒன்று, வேடத்தின் பெயர் வேறு. நடிகர் ஃப்ரெடரிக்குக்கு இரண்டு வேடம்.

முதல் அங்கம் மெதுவாகப் போகிறதே என்று பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பாவம். மத்தி மீன் தட்டை வைத்துவிட்டுப் போகவேண்டும், தொலைபேசி ரிசீவரைத் திரும்ப வைக்கவேண்டும், செய்தித்தாளை எடுத்துப்போகவேண்டும்: வேலைக்காரியாக நடிக்கும் டாட்டிக்கு இந்த மூன்றே குழப்பம். எந்தப் பொருள் எப்போது எங்கே இருக்கவேண்டும் என்று இங்கே மனதில் ஏறாவிட்டால், மூன்றாம் அங்கத்தில் அது இடம் மாறும்போது சிரிக்க வழியில்லை.

இரண்டாம் அங்கத்தில் அச்சே அருகருகே இரண்டு பத்தியாகப் பிரிந்துவிடும். ஒன்றில் மேடையில் ஓடும் நாடகத்தின் வசனம். மற்றதில் மேடைக்குப் பின்னால் சத்தமில்லாமல் நடக்கும் சண்டை. ஒரு பத்தியை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் கெட்டது. நாலைந்து வரி வசனம், உடனே எதிர்ப்பத்தி, அடுத்து யார் மேடைக்குப் போகவேண்டும் என்று ஒரு பார்வை. கோடாலியும் விஸ்கி பாட்டிலும் கைமாறும்போது அந்த நுழைவுக்கு எத்தனை வரி மிச்சம் என்பதில்தான் சிரிப்பு.

மூன்றாவதில் நடிகை ப்ரூக்கைக் கவனியுங்கள்: செட்டே கலகலத்தாலும் மனப்பாடம் செய்த வரியைத்தான் சொல்வாள். திருடன் வரும் இடத்தைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை.

2000-ல் லண்டன் நேஷனல் தியேட்டர் மறுமேடையேற்றத்துக்காக ஃப்ரெய்ன் பிரதியைத் திருத்தினார். எனவே இருவர் சேர்ந்து படித்தால் ஒரே பதிப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உரக்கப் படிக்க ஒன்றும் மூன்றும்தான் தோது. இரண்டாவதில் பேசுகிறவர்கள் கண்ணில் படமாட்டார்கள், கண்ணில் படுகிறவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.