ராயபுரத்து ஜன்னலில் ஒரு கிறிஸ்துமஸ் கள்ளி

2021-இல் கொடைக்கானலிலிருந்து மொட்டும் பூவுமாக வாங்கி வந்த கிறிஸ்துமஸ் கள்ளி, அதன்பின் மூன்று ஆண்டுகள் எங்கள் ராயபுரம் வீட்டில் பச்சைப்பசேலென்று வளர்ந்ததே தவிர ஒரு மொட்டும் வைக்கவில்லை. உரம் போதவில்லை என்று எண்ணி உரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். உண்மையில் அதற்குப் போதாமல் இருந்தது இருட்டு.

கள்ளி என்ற பெயரை நம்பி இதைப் பாலைவனச் செடியாக நடத்தக் கூடாது. பிரேசிலில் ரியோ டி ஜெனீரோவை அடுத்த மலைக்காடுகளில், மரக்கிளைகளின் கவட்டிலும் பாறை இடுக்குகளிலும் சேரும் இலைமட்கில் வேரூன்றி, நிழலிலும் ஈரக்காற்றிலும் வாழ்கிற செடி இது. அதை அறியாமல் முதல் சித்திரையில் மொட்டைமாடியில் வைத்ததால், ஒரே வாரத்தில் தண்டுகள் சிவந்து சுருங்கிவிட்டன. இப்போது காலை வெயில் மட்டும் படும் கிழக்கு ஜன்னலில், தென்னைநார்க் கழிவும் இலைமட்கும் கரித்துண்டுகளும் கலந்த தொட்டியில் இருக்கிறது. மேல்மண் காய்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே தண்ணீர் விடுகிறேன். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்பதால், ஐப்பசி மழையில் குடங்களில் பிடித்து வைத்த தண்ணீரை இதற்கென்றே ஒதுக்கிவிடுகிறேன்.

இரவு நீளும்போதுதான் இது மொட்டு வைக்கும். தென் அரைக்கோளத்தில் மே மாதம் இலையுதிர் காலம் என்பதால், பிரேசிலில் இதற்கு 'மே மலர்' என்றே பெயர். நாள்தோறும் 13, 14 மணி நேர இடைவிடாத இருள் ஏறத்தாழ ஆறு வாரங்கள் கிடைக்க வேண்டும். இரவும் ஓரளவு குளிர்ந்திருக்க வேண்டும். சென்னையில் டிசம்பரின் மிக நீண்ட இரவே சுமார் 12 மணி 40 நிமிடந்தான். அதையும் எங்கள் ஜன்னலுக்கு நேரே நிற்கும் தெருவிளக்கு விடியும்வரை கலைத்துக்கொண்டிருந்தது. ஆகவே, சென்ற ஆண்டு நவம்பர் தொடக்கத்திலிருந்து மாலை ஐந்தரைக்கு ஓர் அட்டைப்பெட்டியால் செடியை மூடி, காலை ஏழரைக்குத் திறந்தேன்; ஒரு நாளும் தவறவிடவில்லை.

கார்த்திகைக் கடைசியில் ஒரு தண்டின் நுனியில் அரிசி முனையளவு இளஞ்சிவப்பு தெரிந்தது. தட்டையாக இருந்தால் புதுத்தண்டு, உருண்டிருந்தால் மொட்டு என்று படித்திருந்ததால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன், உருண்டுதான் இருந்தது. அடுத்த சில நாட்களில் ஒன்பது மொட்டுகள் எண்ணினேன். விருந்தினர் பார்க்கட்டுமென்று தொட்டியை ஒருமுறை திருப்பி வைத்ததில் இரண்டு உதிர்ந்தன. மொட்டுடன் இருக்கும் செடியை இடம் மாற்றவோ திருப்பவோ கூடாது என்பதை அந்த இரண்டைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

மீதி ஏழும் கிறிஸ்துமஸுக்கு அல்ல, பொங்கல் கழிந்து தை நடுவில் மலர்ந்தன. பூவுக்குள் பூ வைத்தாற்போல் இதழ்கள் பின்னோக்கி மடிந்திருக்க, நடுவிலிருந்து மகரந்தக் காம்புகள் நீண்டு தொங்கின. மாடி வீட்டு அக்கா கேட்டதற்காக, மூன்று கணுக்கள் கொண்ட ஒரு தண்டைத் திருகி எடுத்து, வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் வைத்து நட்டுக் கொடுத்தேன். அவர்கள் ஜன்னல் பின்பக்கம் என்பதால் தெருவிளக்கின் தொல்லை அங்கே இல்லை.