பால் சொசைட்டித் திரையும் பணி மரமும்

மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பதை முதலில் மாதிரிகளாக வரைந்து, அவற்றிலிருந்து ஒரு கருவியைக் கொண்டு நிரலைப் பிறப்பிக்கும் முறையின் மீது எனக்கு நெடுநாளாக ஒரு புகார் உண்டு: அது தரும் திரைகள் தரவுத்தளத்தின் சாயலிலேயே இருக்கின்றன. மென்பொருளின் அமைப்பைக் கட்டங்களாகவும் கோடுகளாகவும் காட்டும் யுஎம்எல் வரைபடத்தில் உறுப்பினர், கொள்முதல், தரப் பரிசோதனை என மூன்று கட்டங்கள் இருந்தால் கருவி மூன்று படிவங்களைத் தந்துவிடும். பயன்படுத்துபவருக்கு அவை மூன்று வேலைகளா, ஒரே வேலையா என்று கேட்க அந்த வரைபடத்தில் இடமே கிடையாது.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டிக்கு நாங்கள் செய்துவரும் மென்பொருளிலும் இதுவே நடந்தது. பெயர்ப்பலகை மலையாளத்திலும் பேச்சு தமிழிலுமாக இருக்கும் ஊர் அது. காலை வரிசையில் ஒருவர் கேனைச் சாய்க்கும்போதே, மேசையில் இருக்கும் அக்கா சாம்பிளைப் பரிசோதனைக் கருவியில் வைத்துவிட்டு, ஈரம் படாத ஒரு விரலால் உறுப்பினர் எண்ணைத் தட்டுகிறார். விலை கொழுப்பையும் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) அளவையும் பொறுத்தது என்பதால் இரண்டும் தெரிந்த உடனே சீட்டு வந்தாக வேண்டும். அடுத்தவர் அதற்குள் கேன் மூடியைத் திறந்திருப்பார். பிறப்பிக்கப்பட்ட திரையோ உறுப்பினர் பெயர்களை அகரவரிசையில் நீளமாக இறக்கிக் காட்டியது. "பேரெல்லாம் எதுக்குங்க தம்பி, நம்பரைச் சொன்னா ஆளைச் சொல்லிருவேன்" என்றார் அவர்.

பயனரை மையமாக வைக்கும் வடிவமைப்புக்கு 1999இல் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 13407 என்ற தரநிலை வந்தது. 2010இல் அதன் இடத்தை 9241-210 பிடித்தது. யார், எங்கே, எந்தச் சூழலில் பயன்படுத்துகிறார்கள் என்பதை அறிந்து, தேவைகளை வகுத்து, வடிவமைத்து, பயனர்களிடம் சோதித்து, குறை இருந்தால் மீண்டும் திரும்ப வேண்டும் என்கிறது அது. மறுபக்கம், மென்பொருள் தரங்களை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு 2001இல் முன்வைத்த எம்டிஏ என்ற மாதிரி வழி முறை, வேலையை மட்டும் விவரிக்கும் கணினி சாராத மாதிரியிலிருந்து எந்தத் தொழில்நுட்பத் தளமும் சாராத மாதிரிக்கும் அங்கிருந்து தளம் சார்ந்ததற்கும் இறங்கச் சொல்கிறது. ஏட்டில் இரண்டுக்கும் பகை இல்லை. நடைமுறையில் முதல் படியைத் தாண்டிவிட்டு எல்லோரும் தரவிலிருந்தே தொடங்குகிறார்கள்.

இந்த இடைவெளியை அடைக்க எனக்குக் கைகொடுத்தது பணி மாதிரி. இத்தாலிய ஆய்வாளர் ஃபாபியோ பட்டெர்னோ 1990களில் உருவாக்கிய கான்கர்டாஸ்க்ட்ரீஸ் குறிமுறையில் ஒரு வேலை மரமாகக் கிளைக்கும். மனிதர் மட்டும் செய்வது, கணினி மட்டும் செய்வது, இருவரும் சேர்ந்து செய்வது எனக் கணுக்கள் பிரியும். எது எதன் பின், எது எதனோடு இணையாக, எது எதை நிறுத்தும் என்பதும் குறிக்கப்படும். அளப்பது, பரிசோதிப்பது, எண்ணைத் தட்டுவது மூன்றும் இணையானவை, சீட்டு மட்டுமே அவற்றின் பின் வருவது என்று வரைந்ததும், ஒரே வேளையில் செய்யத்தக்க பணிகளை ஒரே திரையில் சேர்க்க வேண்டும் என்ற விதி தானாகவே மூன்று படிவங்களை ஒன்றாக்கியது.

பெயருக்குப் பதில் எண் என்ற திருத்தத்தை எங்கே செய்வது என்பதுதான் கடினமான கேள்வி. பிறப்பித்த நிரலில் கையால் திருத்தினால் அடுத்த முறை பிறப்பிக்கும்போது அது அழிந்துவிடும். மாதிரியைத் திரையாக்கும் கருவியின் விதியில், 'உறுப்பினரைத் தேர்ந்தெடு' என்ற பணி எண் பெட்டியாக வரும்படி செய்தால், அக்காவின் ஒரு சொல் தீவன விற்பனைத் திரைக்கும் முன்பணத் திரைக்கும் போய்ச் சேருகிறது. அவ்விடங்களிலும் அவரே உட்காருவதால் அது நல்லதே. ஆனால் மாதக் கணக்கைப் பார்க்கும் தலைவருக்குப் பெயர்தான் வேண்டும். ஆகவே விதிக்கு நிபந்தனை தேவைப்பட்டது: யார், எந்த இடத்தில், கை ஓய்வாக இருக்கிறதா என்பதெல்லாம் மாதிரிக்குள் வர வேண்டியதாயிற்று. தரநிலை முதல் படியாகக் கேட்ட பயன்பாட்டுச் சூழல், அறிக்கையில் தூங்காமல் இப்படி விதியின் உள்ளே உட்கார்ந்தால்தான் பிறப்பிக்கும் கருவி அதை மதிக்கும்.

பயனரிடம் மரத்தையோ கட்டங்களையோ காட்டக் கூடாது என்பது என் கட்சி. காலையில் கேட்டதை மாலைக் கறவைக்குள் ஓடும் திரையாகக் காட்ட முடிவதே மாதிரி வழியின் உண்மையான லாபம். அப்படியும், வரிசை நகர்வதே அதை நம்பியிருக்கும் கொள்முதல் திரையின் தோற்றத்தைக் கையாலேயே எழுதி, மற்றவற்றைக் கருவிக்கு விட்டிருக்கிறேன், தூய்மைவாதிகள் கோபிக்கட்டும். கையால் எழுதிய அந்தப் பகுதி தனிக் கோப்பில் இருப்பதால் கருவி அதைத் தொடுவதில்லை. பணி மரத்தின் ஒவ்வொரு கணுவிலும், எந்தக் கவனிப்பால் அது அப்படி ஆனது என்ற குறிப்பையும் சேர்த்து வருகிறோம். விதியை மாற்ற வருபவர் முதலில் அதைத்தான் படிக்கிறார்.